வெண்கழியின் நாலரை மணி அடி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிற சிரிப்பு, ஆனால் அது இப்போது வராது, காலைப் பிடித்துக் கேட்டாலும் வராது, அதற்கு முன்னால் ஒரு காறை எலும்பு முறிய வேண்டும், ஒரு தாடை இடம் மாற வேண்டும், ஒரு காது செவிடாக வேண்டும், அதெல்லாம் ஆகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பல் இருக்கிறவர்கள்.

சென்னையிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் வடக்கே ஐம்பது நிமிடம் போனால் வெண்கழி வரும். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பங்கழி, நடுவில் அடுக்குமாடிகள், எந்த ஜன்னலைத் திறந்தாலும் தண்ணீர். சென்னையில் பைக் நிறுத்துகிற இடத்துக்குக் கேட்கிற வாடகையில் இங்கே இரண்டு படுக்கையறையும் ஒரு பால்கனியும் பால்கனி கொள்ளாத காற்றும் கிடைக்கும். வீடு காட்ட வருகிற புரோக்கர் மூக்கால் பேசுவார்: "காத்து சார், காத்து! ஏசி வாங்கினீங்கன்னா அது மேல துணிதான் காயப்போடணும். எதிர்ல பாருங்க, கொக்கு. சென்னையில கொக்கு காட்டுவானா சார் ஒருத்தன்?" கொக்கைக் காட்டுவார், மீன் விலையைச் சொல்வார், பள்ளிக்கூடத்து வேன் எந்த முனையில் நிற்கும் என்றுகூடச் சொல்வார். நாலரை மணியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

மாலை நாலரை மணிக்குக் கழித் தண்ணீர் எழுந்து ஒரு ஆளை அடிக்கும்.

படகுத்துறைக்கு எதிரே தண்ணீர் முதலில் கொஞ்சம் உள்வாங்கும், சட்டைக் கையை மடித்துவிடுகிற மாதிரி. பிறகு தோள் எழும், பிறகு முழங்கை, பிறகு கட்டில் அகலத்துக்கு ஒரு உள்ளங்கை. துறையில் நிற்கிற ஆளை ஓங்கி ஒன்று, ஒன்றே ஒன்று, பளார். பிறகு நுரை தள்ளிக்கொண்டு, சாப்பிட்டு வாய் கொப்பளித்த ஆள் மாதிரி திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் அடிக்கிறது என்று வெண்கழியில் யாரும் கேட்பதில்லை. வெயில் ஏன் அடிக்கிறது என்று கேட்கிறோமா? அடிக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போகிறோம். தாசில்தார் ஆபீஸ் கிளார்க்குக்கு முழங்கை பின்பக்கமாக மடங்கியது, கணக்கு டீச்சர் பரிமளத்துக்குத் தாடை இடது காதுப் பக்கம் ஒதுங்கியது, பால்காரர் துறையில் நின்றவர் எதிர்த் தெரு விநாயகர் கோயில் மடப்பள்ளிக்குள் போய் விழுந்தார், விழுந்தவர் முதலில் கேட்டது பொங்கல் ஆயிற்றா என்பதைத்தான். காலை டிரெயினில் கழுத்துப்பட்டையோடும் மாவுக்கட்டோடும் ஏறுகிறவர்களைப் பார்த்தால் மற்ற ஊர்க்காரர்கள் "வெண்கழியா? உட்காருங்க" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அதுவும் இந்த ஊரில் இருப்பதற்கு ஒரு வசதிதான்.

ஒரே ஒரு முறை ஊர் முரண்டு பிடித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, இனிமேல் ஒருவரும் துறைக்குப் போவதில்லை என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். நாலரை வரை தண்ணீர் காத்திருந்தது. நாலே முக்காலுக்குத் தெருவுக்கு வந்தது. மாடிப்படியில் ஏறியது, ஒவ்வொரு படியாக, வாடகை வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி எல்லா அறையையும் எட்டிப் பார்த்தது, பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டவர்களுக்காக வெளியே நின்று காத்திருந்தது, கட்டிலுக்கு அடியில் புகுந்தவர்களைக் கட்டிலாலேயே அடித்தது. அன்றைக்கு இரண்டாயிரத்து முன்னூறு பேர் அடி வாங்கினார்கள், நான்கு பேர் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் நான்கு பாடையையும் தூக்கிப் போய்விட்டு வந்து, ஈரத் துணியோடு உட்கார்ந்து, ஊர் ஒரு பட்டியல் போட்டது. நாளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள். குழாயடியில் முறை வைக்கிற மாதிரி அடிக்கு முறை வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு அடி. "அவ்ளோதானே?" என்றார்கள். "சென்னையில வீட்டு ஓனர் குடுக்கிறது இதைவிட ஜாஸ்தி."

பட்டியலை வைத்திருந்தவர் தணிகாசலம், குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். துறைக்குப் பக்கத்திலேயே ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கிற கடை. ஐம்பத்தெட்டு வயது, முப்பத்திரண்டு பல், எல்லாம் அவருடையவை. வெண்கழியில் ஒரு அடிகூட வாங்காத ஒரே உடம்பு அவருடையது, தண்ணீர் வீடு வீடாக ஏறிய அன்றைக்குக்கூட அவர் சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார், அந்த உடம்பைக் கடைசி வரைக்கும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு வேண்டுதலே இல்லை. அவருடைய முறை வருகிற வாரத்தில் ஊருக்குப் புதிதாக எந்த லாரியில் யார் சாமான் இறக்குகிறார்கள் என்று பார்ப்பார். பார்த்ததும் பேனர் அடிப்பார். "வெண்கழிக்கு வருகை தரும் அன்பு அண்ணன் அவர்களே, வருக வருக!" பக்கத்தில் அந்த அண்ணன் முகம், ஆறடிக்கு நாலடி. மாலை, மேளம், சரிகைச் சால்வை. இதற்குத் துறை மரியாதை என்று பெயர் வைத்திருந்தார். தமிழ்நாட்டில் ஒரு மனிதனுடைய முகத்தைப் பெரிதாக அடித்துக் கட்டி, தோளில் ஒரு சால்வையைப் போட்டு, "இங்க நில்லுங்க" என்று சொன்னால் அவன் எங்கே வேண்டுமானாலும் நிற்பான், எதிரே எது எழுந்து வருகிறது என்று பார்க்கமாட்டான், போட்டோ எடுக்கிறவனைத்தான் பார்ப்பான். புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் ராஜமாணிக்கம் அப்படித்தான் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே காறை எலும்பு முறிந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் முறை வந்தபோது புதிதாக யாருமே வரவில்லை. தணிகாசலம் மனைவி மரகதவல்லியை அனுப்பினார். "குடும்பத்துக்கு ஒரு அடி. அது யார் வாங்கினா என்ன? நீ வேற, நான் வேறயா?" என்றார். மரகதவல்லிக்கு இடது காது அன்றைக்கு அணைந்தது. அதிலிருந்து சாப்பாடு போடும்போது அவர் அந்தக் காது தணிகாசலத்தின் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்துகொள்வார். புருஷன் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுவார்.

அடுத்த முறை வந்த வாரம் கிளாடிஸ் சாமான் இறக்கினார்.

நாற்பத்தாறு வயது, ஒற்றைப் பின்னல், ஒரு பீரோ, ஒரு பூனை. கோடம்பாக்கத்தில் இருபத்தாறு வருடம் கதாநாயகிகளுக்கு டூப் போட்டவர். மாடியிலிருந்து விழுவது, குதிரையிலிருந்து விழுவது, வில்லன் அறைந்தால் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போய் விழுவது. முட்டி தேய்ந்ததும் வேலை குறைந்தது, வேலை குறைந்ததும் சாலிகிராமத்து வாடகை கூடியது, கிளாடிஸ் டிரெயின் ஏறிவிட்டார். இதையெல்லாம் தணிகாசலம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மரியாதை வாங்கப்போகிறவரிடம் தொழிலை யார் கேட்பார்கள்? பெயரும் போட்டோவும் போதும், பேனர் அடித்துவிடலாம். "அன்புச் சகோதரி கிளாடிஸ் அம்மையார் அவர்களே!" என்று மைக்கில் முழங்கி, சால்வையைப் போட்டு, அம்மையாரைத் துறையில் நிறுத்திவிட்டு, நாலு இருபத்தெட்டுக்குக் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். இருபது வருடமாக அந்த அடியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறாரே தவிர அடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

பளார் என்று கேட்டது. ஷட்டரைத் தூக்கினார். கிளாடிஸ் பதினைந்தடி தள்ளி விழுந்து, எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் உண்டா சார்?" என்றார்.

தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஒரு அடியில் தாடை நகர்ந்த ஊரில், ஒரு கிறுக்கு அம்மாள், சால்வைக்கு ஆசைப்பட்டு, தினமும் நிற்கிறேன் என்கிறாள்! அன்றைக்கே பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த நாளும் கிளாடிஸ், அதற்கடுத்த நாளும் கிளாடிஸ். தினம் ஒரு மாலை, தினம் ஒரு பேனர். ஊரில் மாவுக்கட்டுகள் அவிழ்ந்தன. எலும்பு வைத்தியர் வேறு வழியில்லாமல் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டார். டிரெயினில் வெண்கழிக்காரர்களுக்கு இடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

துறையில் பஜ்ஜிக் கடை வைத்திருந்த நூருதீன் பாய்தான் முதலில் பார்த்தார். வாழைக்காய் சீவிக்கொண்டே முப்பது வருடம் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர். அது அடிக்கும், நுரை தள்ளிக்கொண்டு போகும். இப்போது நுரை இல்லை. கை ஓங்கியது, வீசியது, வீசின வேகத்தில் தானே தடுமாறியது, பந்தியில் இலை போட்டுச் சோறு போடாமல் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி கொஞ்ச நேரம் துறையையே பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு கறுத்த முகத்தோடு போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றது.

ஒரு பகல் பன்னிரண்டு மணிக்குப் பாய் கிளாடிஸைக் கடை பெஞ்சில் உட்கார வைத்தார். காய் வாங்க வந்த மரகதவல்லியும், தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு பரிமளம் டீச்சரும், காறை எலும்பு ராஜமாணிக்கமும் சுற்றி நின்றார்கள்.

"எம்மா, நெஜத்தைச் சொல்லு," என்றார் பாய். "ஒம் மேல ஒரு அடியாச்சும் பட்டுச்சா?"

"எதுக்குப் படணும்?" என்றார் கிளாடிஸ். "கை வர்றதுக்கு அரை செகண்ட் முன்னாடி, கை போற பக்கமே நாமளும் கெளம்பிடணும் பாய். அதான் எங்க தொழிலே. சத்தம் நான் தொடையில தட்டிக்கிறது. படம் பார்த்தா நெஜமாவே அறைஞ்ச மாதிரி இருக்கும்."

"அய்யய்யோ! அது அடிக்கத்தானே உன்னை நிறுத்தினாங்க!"

"யாரு சொன்னா? மரியாதைன்னு சொன்னாங்க. மாலை போட்டாங்க. நின்னேன். ஒருத்தன் மாலை போட்டுட்டு ஷட்டரை இழுத்துக்கிட்டு உள்ள ஓடுறான்னா, எதிர்ல என்னமோ வருதுன்னு தெரியாத அளவுக்கு நான் சின்னப் புள்ளையா?"

ராஜமாணிக்கம் குனிந்து காறை எலும்பைத் தடவிக்கொண்டார்.

"அது அடியை மறக்காதும்மா," என்றார் பாய். "படாத அடியெல்லாம் அதுங்கிட்டேயே இருக்கு. மூணு வாரமாச் சேர்த்து வெச்சுக்கிட்டு இருக்கு. ஒரு நாள் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறப்போவுது."

பஜ்ஜி எண்ணெயில் கருகியது, யாரும் திருப்பவில்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய நான்கு பாடையும் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் போயின. அப்போது மரகதவல்லி பேசினார். அவர் பேசி அந்த ஊர் அதிகம் கேட்டதில்லை.

"துறையில ஒரு ஆள் நின்னா, அது ஊருக்குள்ள வராது. ஒரு அடியானாலும் சரி, சேர்ந்த அடியானாலும் சரி, நிக்கிற ஆளோட போயிடும்."

"அத்தனையையும் தாங்கிறதுக்கு எந்த ஆளு நிப்பான்?" என்றார் பரிமளம் டீச்சர்.

யாரும் பெயர் சொல்லவில்லை. பட்டியல் போட்ட நாளிலிருந்து யாருடைய அடி பாக்கி என்பது பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அவரை இழுத்துக் கட்டியா நிறுத்த முடியும்?" என்றார் ராஜமாணிக்கம்.

"எதுக்கு இழுக்கணும்?" என்றார் மரகதவல்லி. "கிளாடிஸம்மா பேனரைக் கொஞ்சம் பெருசா அடிக்கச் சொல்லுங்க. போதும்."

கிளாடிஸுக்கு மனசு ஒப்பவில்லை. "அக்கா, அவரு செத்துருவாருக்கா. ஒரு ஆள் செத்துருவாரு."

"நீங்க போய் நெஜத்தை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மறைக்காதீங்க. அடுத்தவங்க சொன்னாக் காதுல வாங்குற மனுஷனா இருந்தாப் பொழைச்சுக்கட்டும்," என்றார் மரகதவல்லி, கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே.

பேனர் பெருசாகிற வேலை ஆரம்பித்தது. ஆறடி எட்டடியானது, எட்டடி பன்னிரண்டானது, பன்னிரண்டு இருபதானது. அத்தனையும் தணிகாசலத்தின் மெஷினில்தான். கிர்ர் கிர்ர் என்று கிளாடிஸின் நெற்றி வரும், பிறகு கண், பிறகு சிரிப்பு, பிறகு "வெண்கழியைக் காத்த வீரத்தாய்". தணிகாசலம் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அடுத்தவர் முகம் அங்குலம் அங்குலமாகப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டு, உள்ளே வெந்தார். தான் போட்ட சால்வை, தான் வைத்த பெயர், தான் வாங்கிய மைக் செட்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளாடிஸிடம் கையெழுத்து வாங்கினார்கள். கல்யாணப் பத்திரிகையில் "தலைமை: கிளாடிஸ் அம்மையார்" என்று போட்டார்கள், தணிகாசலம் பெயர் கீழே உறவினர்களோடு உறவினராக எட்டாவது வரியில் கிடந்தது.

"அப்படி என்ன பண்ணிட்டா?" என்றார் மனைவியிடம். "நிக்கிறா, வாங்குறா, எந்திரிக்கிறா. ஒரு சிராய்ப்பு இருக்கா பாரு! ஏழு வாரம் அடிச்சும் ஒரு பொம்பளை மேல ஒரு கீறல் விழலைன்னா என்ன அர்த்தம்? தண்ணிக்குக் கெழடு தட்டிப்போச்சு. மூச்சு வாங்குது அதுக்கு. இந்த அடியை நான் சுண்டு விரல்ல வாங்குவேன்."

மரகதவல்லி தலையாட்டிக்கொண்டே ரசம் ஊற்றினார்.

அந்த வாரத்திலேயே கிளாடிஸ் கடைக்கு வந்தார். நின்றபடியே, நேராகச் சொன்னார்: "சார், தண்ணி என்னைத் தொடவே இல்லை. ஒரு நாள்கூட. நான் ஒதுங்கிக்கிறேன், அவ்ளோதான். அடியெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க நிக்கிறதா இருந்தா ஒரு வாரம் வாங்க, விழக் கத்துத் தரேன்."

தணிகாசலம் இதைச் சபை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மேடையில் நாற்பது வருடம் நின்றவர் அவர். பொன்னாடை போர்த்தியதும் "நான் என்னங்க செஞ்சேன், எல்லாம் உங்க அன்பு" என்று சொல்லாத மனிதரை அவர் பார்த்ததே இல்லை. அப்படிச் சொல்கிறவன்தான் அடுத்த பதவிக்குக் குறி வைத்திருப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். "ரொம்பத் தன்னடக்கம் உங்களுக்கு," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "கவலைப்படாதீங்கம்மா, விழறதுக்கெல்லாம் யாராச்சும் டியூஷன் போவாங்களா?"

கிளாடிஸ் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தணிகாசலம் தன் முகத்தை நாற்பதடிக்கு அச்சடித்தார். மீசை மட்டும் மூன்று பேர் தூக்குகிற கனம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேளம் அடித்தது. எட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள், லோக்கல் சேனல்காரர் கேமராவைக் காலூன்றி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். தணிகாசலம் பட்டு வேட்டியில், கழுத்துக் கொள்ளாத மாலையில், தானே வாங்கித் தானே போர்த்திக்கொண்ட மூன்று சால்வையில், துறை விளிம்பில் போட்ட மேடையில் ஏறி, ஊருக்கு முகத்தையும் தண்ணீருக்கு முதுகையும் காட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"என் உயிரினும் மேலான வெண்கழி வாழ் பெருமக்களே! இருபது ஆண்டுகளாக உங்கள் வலியை என் வலியாக எண்ணித் துடித்த இந்த நெஞ்சம்," என்று ஆரம்பித்தார். பேசினார், பேசினார், நாலரை தாண்டியும் பேசினார். தண்ணீர் குறுக்கிடவில்லை. எலும்புகளைப் பற்றிப் பேசினார், தியாகத்தைப் பற்றிப் பேசினார், தன் உடம்பு இந்த ஊருக்கே நேர்ந்துவிட்ட உடம்பு என்று பேசினார், அங்கே கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினார்.

கைதட்டல் வந்தது. ஆனால் மேலேயிருந்து வந்தது.

தணிகாசலம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருநூறு நாற்காலியும் காலி. பஜ்ஜிக் கடைச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேளக்காரர்கள் மேளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்குமாடியின் மொட்டைமாடியிலும் ஜனம், தோளோடு தோள், தண்ணீர்த் தொட்டி மேல்கூடப் பிள்ளைகள், கேமராக்காரரும் டீ கிளாஸோடு அங்கேதான்.

"ஏன் எல்லாரும் மேல நிக்கிறீங்க?" என்றார் மைக்கில். "கீழ வாங்க! கீழ வந்து பாருங்க!"

"இங்கருந்தே நல்லாத் தெரியுது!" என்று நாலாவது மாடியிலிருந்து மரகதவல்லி குரல் கொடுத்தார். பக்கத்தில் கிளாடிஸ், இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.

முதுகில் காற்று நின்றுபோனதை அப்போதுதான் தணிகாசலம் உணர்ந்தார். திரும்பினார். துறைக்குக் கீழே தண்ணீர் இல்லை. சேறு இருந்தது, சேற்றில் சாய்ந்த படகுகள் இருந்தன, எங்கே ஓடுவது என்று தெரியாமல் நண்டுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. முகத்துவாரம் வரைக்கும், அதையும் தாண்டி, கழி முழுக்க வறண்டு கிடந்தது. அதற்கும் அப்பால், கடல் தொடங்குகிற இடத்தில், தண்ணீர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கை இல்லை. பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாகத் தோள்கள், ஒவ்வொரு தோளுக்கும் ஒரு முழங்கை, ஒவ்வொரு முழங்கைக்கும் நாற்பதடி பேனர் அகலத்துக்கு ஒரு உள்ளங்கை, கறுப்பாக, நுரையே இல்லாமல்.

"கிளாடிஸ் அம்மா!" என்றார். "இது தினமும் இவ்ளோ தூரம் பின்னால போகுமா?"

"இல்ல சார்!" கிளாடிஸ் வாயைக் கையால் குவித்துக்கொண்டு கத்தினார். "தினமும் பக்கத்துலருந்துதான் அடிக்கும்! ஒண்ணுகூட என் மேல படலை இல்ல, அதான் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு வருது! ஓடாதீங்க சார், ஓடினா ஊருக்குள்ள வந்துரும்!"

வாழ்நாளில் முதல் முறையாகத் தணிகாசலம் ஒருவர் பேசியதை முழுசாகக் கேட்டார். கேட்டதை ஒருமுறை உள்ளே ஓட்டிப் பார்த்தார். மாடிகளைப் பார்த்தார். பரிமளம் டீச்சரைப் பார்த்தார், ராஜமாணிக்கத்தைப் பார்த்தார், பால்காரரைப் பார்த்தார், துறை மரியாதை வாங்கிய ஒவ்வொரு அண்ணனையும் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். எல்லோரும் மிகுந்த மரியாதையோடு கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடப்பாவிங்களா," என்றார் தணிகாசலம், மைக்கில்.